பதில் சொல்ல விடுங்கள்

அன்புள்ள அம்மா,

நான் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன். படிப்பு முடிந்து கொலம்பஸிலேயே வேலை, வீடு, குழந்தைகள் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இங்கே காலேஜ் ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால், என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மகளின் பிரசவத்துக்காக நீங்கள் 2024ல் இந்த ஊரில் வந்து தங்கியிருந்ததைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறேன்.

அந்த வருஷம் நவம்பர் 30 அன்று எங்கள் ஒஹாயோ ஸ்டேட் அணி பரம வைரியான மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. அதுவும் சொந்த மைதானத்தில். அவர்களிடம் தொடர்ந்து நான்காவது வருஷத் தோல்வி. அன்று இரவே கோச் ரயன் டேயை நீக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். கோபத்தில் அவர் குடும்பத்தை இழுத்தும் ஒரு வரி. 51 நாள் கழித்து அதே கோச் தேசிய சாம்பியன் கோப்பையை வாங்கித் தந்தார். நண்பர்கள் என் பதிவை எடுத்துப் போட்டுக் கேலி செய்தார்கள். இப்போது 2025 டிசம்பர் 6ல் இண்டியானாவிடம் தோற்றிருக்கிறோம், அதே 13-10. வாட்சப் குழுவில் மறுபடியும் சண்டை. கோப்பை வாங்கித் தந்தவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது ஒரு கட்சி. வருஷத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறவர், திட்டு வாங்குவதும் அந்தச் சம்பளத்தில் அடக்கம் என்கிறது இன்னொரு கட்சி. இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. அது சரியா என்றும் தெரியவில்லை. அக்கவுண்டபிலிட்டி என்கிறார்களே, அது உண்மையில் என்ன? யாருடைய ஊர் ஆட்டத்துக்கோ நாம் ஏன் இப்படி உருக வேண்டும் என்று என் மனைவி கேட்கிறாள். அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

எஸ்., கொலம்பஸ்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவியின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பதினோரு வருஷம் சோறு போட்ட ஊர் எதற்கு அழுகிறதோ அதற்கு நீங்களும் அழுவதில் ஒரு தவறும் இல்லை. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்கு வருகிறேன். என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் யாரைப் பற்றி எழுதினீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரயன் டே சின்னப் பையனாக இருந்தபோதே அவருடைய அப்பா தற்கொலை செய்துகொண்டார். அதை அவர் மறைத்ததில்லை. உங்கள் ஊர் நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனையில் பிள்ளைகளின் மனநலத்துக்காக 2019ல் அவரும் மனைவியும் சேர்ந்து ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். ஹாரி மில்லர் என்று அவர் அணியில் ஒரு இளைஞர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதை கோச்சிடம் போய்ச் சொன்னதாகவும், அவர் உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ததாகவும் 2022ல் அந்த இளைஞரே ஊரறிய எழுதினார். இப்படிப்பட்ட ஒரு மனிதரின் வீட்டுக்குத்தான் ஒரு ஆட்டத்தில் தோற்றதற்காக மிரட்டல்கள் போயின. அவர் மனைவி அதைப் பற்றிப் பிறகு வெளிப்படையாகப் பேசினார். சம்பளத்தில் அடக்கமாம்! எந்தச் சம்பளத்தில், தம்பி, ஒருவருடைய பெண்டாட்டி பிள்ளைகளைப் பேசும் உரிமை அடங்கியிருக்கிறது? இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன் எழுதுகிற வரியா அது? நீங்கள் வருந்துவது கடிதத்தில் தெரிகிறது. தெரிந்தும் சொல்கிறேன், உறைக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

சம்பளம், ஒப்பந்தம், கோடிகள் பற்றி உங்கள் குழு போடும் கணக்குகளுக்குள் நான் போகப் போவதில்லை. ஒன்று மட்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது, அதுவும் 51-10 என்று ஜெயித்த மறுநாள். வீட்டுக்கு அனுப்பியதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7 கோடி டாலருக்கும் மேல். இதைத் தண்டனை என்று உங்கள் நண்பர்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தவர் வேறு ஒருவர். என் மகளின் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தைந்து வயது தாண்டியவர், மனைவியை இழந்தவர். பேத்தி பிறந்த புதிது. விடிகாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்கட்டில் நடப்பேன், அவர் இலைகளை வாரிக்கொண்டிருப்பார். அப்படித்தான் பழக்கம். ஒரு சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். காகிதத்தில் வட்டமும் பெருக்கல் குறியுமாகப் போடுவார். புள்ளி வைத்துக் கோலம் போட்டு வளர்ந்தவள் நான், சட்டென்று பிடித்துக்கொண்டேன். நான்கு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேற வேண்டும், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம் அல்லது எறியலாம், மற்றதெல்லாம் இதற்குள்ளேயே என்பார்.

மிஷிகன் என்ற பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். "வடக்கே இருக்கிற அந்த டீம்" என்பார். மிஷிகனோடு ஆட்டம் நடக்கும் வாரம் பல்கலைக்கழக வளாகம் முழுக்க பெயர்ப் பலகைகளில் இருக்கும் எம் எழுத்துகளை எல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள் என்று காட்டுவதற்காகவே என்னை காரில் கூட்டிப்போனார். பழைய கதைகளும் அவரிடம் நிறைய உண்டு. 1987ல் ஏர்ல் புரூஸ் என்ற ஒஹாயோ ஸ்டேட் கோச்சை மிஷிகன் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு, திங்கட்கிழமை, நீக்கிவிட்டார்கள். அதை எதிர்த்து விளையாட்டுத் துறை இயக்குநரே ராஜினாமா செய்தார். பையன்கள் நெற்றிப்பட்டையில் ஏர்ல் என்று எழுதிக் கட்டிக்கொண்டு போய் மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பரில் 23-20 என்று ஜெயித்து, அவரைத் தோளில் தூக்கி வந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மும்.

நவம்பர் 30ம் தேதி ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்த்தேன். இடைவேளையில் 10-10. அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 45 வினாடி மிச்சம் இருக்கையில் மிஷிகன் பந்தை உதைத்து 3 புள்ளி எடுத்தது. முடிந்ததும் மைதானத்தின் நடுவில் அவர்கள் கொடியை நட, கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே. அவர் டிவியை அணைத்துவிட்டார். வெகு நேரம் பேசவில்லை. தெருவில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். நான் பயந்துபோய், டேயை நீக்கிவிடுவார்களா என்று கேட்டேன்.

"அது கேள்வியே இல்லை" என்றார்.

எது கேள்வி என்று காகிதம் எடுத்துப் போட்டுக் காட்டினார். இதை நீட்டித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிஷிகன் அணியின் பலம் தடுப்பு வரிசையின் நடுவே. மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இருவர். அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீகின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இருவரையும் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன. ஒஹாயோ ஸ்டேட்டின் பலமோ ஓரங்களில். ஜெரமையா ஸ்மித், எமெக்கா எக்பூக்கா என்று எறிந்த பந்தைப் பிடிப்பதில் நாட்டிலேயே முன்னால் நின்ற பையன்கள். போதாததற்கு, அவர்களுடைய வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் அந்த மாதம்தான் குதிகால் தசைநார் அறுந்து விலகியிருந்தார். எதிரி பலமாகவும் தான் பலவீனமாகவும் இருக்கும் அந்த ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போய் முட்டினார்கள். அன்று முழுக்க ஓடி எடுத்தது 77 கஜம். ஏன்? வருஷாவருஷம் முரட்டுத்தனம் போதாது என்று ஊரே ஏசியதால், நாங்களும் முரடர்கள்தான் என்று காட்டவா? ஆட்டத்தை ஆடினார்களா, ஏச்சுக்குப் பதில் ஆடினார்களா? "இதற்கு டே பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவன் இங்கே இருக்க வேண்டும்" என்றார் கிழவர்.

அப்புறம்தான் தன் கதையைச் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு முன்பு, பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் கடைசி ஆட்டத்தில் தோற்றிருக்கிறார். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வீட்டு வாசல் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை. அவர் விற்கவில்லை, யாரோ ராத்திரியில் வந்து ஊன்றியது. பள்ளியில் அவர் மகள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் வேலை போய்விட்டது.

நான் அவருக்காக அந்த ஊரின் மேல் கோபப்பட்டேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார். "ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிக் கால் மணி நேரத்துக்கு அவனை உள்ளே அனுப்பினேன். அதை யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் காத்திருந்தேன். கேட்டிருந்தால் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

தம்பி, நீங்கள் அந்த இங்கிலீஷ் வார்த்தையை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நம்மிடம் பொறுப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. பொறு என்பதிலிருந்து வந்தது. பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல்தான், வலியைத் தாங்குவதும் பொறுத்தல்தான், பிழையை மன்னிப்பதும் பொறுத்தல்தான். தலையில் சுமையோடு நிற்பவரிடம்தான் இது என்ன, ஏன் இப்படி என்று கேட்க முடியும். இறக்கி வைத்துவிட்டுப் போனவரிடம் என்ன கேட்பீர்கள்? 'பொறுப்பேற்று விலகினார்' என்று நம் செய்தித்தாள்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏற்றவர் ஏன் விலகுகிறார்?

யாரையும் எப்போதும் நீக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஜான் கூப்பர் 13 வருஷம் ஒஹாயோ ஸ்டேட் கோச்சாக இருந்தார். மிஷிகனை ஜெயித்தது 2 முறை, தோற்றது 10, சமன் 1. அத்தனை வருஷமும் ஒரே கேள்வி, பதில் வரவில்லை. 2001 ஜனவரியில் அவரை நீக்கினார்கள், நியாயம்தான். அங்கே கேட்டு முடித்துவிட்டு நீக்கினார்கள். நீங்கள் ஒரு ராத்திரியில் எழுதியது அப்படியல்ல.

டே என்ன செய்தார் என்று பாருங்கள். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடரில் டிசம்பர் 21ல் டென்னசி அணியோடு ஆட்டம். மனம் வெறுத்த உள்ளூர்க்காரர்கள் டிக்கெட்டை விற்றுவிட்டதால் பாதி ஸ்டேடியம் டென்னசியின் ஆரஞ்சு நிறமாகிவிட்டதோ என்று தோன்றியது. அந்தக் குளிரில் முதல் வாய்ப்புகளிலேயே ஸ்மித்துக்கு எறிந்தார்கள், முதல் கால்பகுதியில் 21-0, முடிவில் 42-17. பிறகு ஆரிகன், டெக்சாஸ் அணிகளையும் ஜெயித்தார்கள். ஜனவரி 20ல் அட்லாண்டாவில் நோட்ரடேமுடன் இறுதி ஆட்டம். கடைசியில் 31-23 என்று எதிரி நெருங்கி வந்துவிட்டார்கள். மூன்றாவது வாய்ப்பு, வேண்டியது 11 கஜம். பயந்த கோச் அங்கே பந்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஓடச் சொல்லி நேரத்தைக் கரைத்திருப்பார். இவர்களோ எறியச் சொன்னார்கள். பந்தை எறிகிற வில் ஹோவர்ட் நெடுந்தூரம் எறிந்தார். ஓரத்தில் தனியாகப் பறந்த ஸ்மித் பிடித்தார். 56 கஜம். என் மருமகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்தினார், பேத்தி விழித்து அழுதாள். கிழவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். நவம்பரில் எனக்குப் போட்டுக் காட்டிய காகிதம் இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தார்.

ஆகவே இப்போது நீங்கள் வாய் மூடியிருப்பதையும் நான் பாராட்ட மாட்டேன். இண்டியானா ஆட்டத்தில் கோல் கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போய் இரண்டு முறை ஒரு புள்ளிகூட எடுக்காமல் திரும்பினார்களே, அதைக் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். கோப்பை வாங்கித் தந்தவர் என்பதற்காக அவரைக் கேள்வியிலிருந்து விலக்கி வைப்பதும் அவரை மதிப்பதாகாது.

ஊருக்குக் கிளம்பும் முன் கிழவரிடம், அந்தக் கணுக்கால் பையனை அப்புறம் பார்த்தீர்களா என்று கேட்டேன். சில வருஷம் முன்பு ஒரு சாவு வீட்டில் பார்த்தாராம். பையனுக்கே ஐம்பது வயது கடந்திருந்தது. இவராகப் போய், "அன்று உன்னை நான் அனுப்பியிருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். அவன் இவர் மனைவியின் உடல்நலத்தை விசாரித்துவிட்டு, "பனி விழுந்தால் இன்னும் வலிக்கும், கோச்" என்றானாம்.

அந்தப் பழைய பதிவு இன்னும் கிடந்தால், குடும்பத்தைப் பற்றிய வரியை இன்றே எடுத்துவிடுங்கள். நடுவில் முட்டி முட்டி ஓடியதைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.