தினமும் தண்ணீர் ஊற்றியும் ரோஸ்மேரி கருகுவது ஏன்?

கேள்வி: மே மாதம் ஊட்டி போனபோது, தலைமுடிக்கு நல்லதாம் என்று மகள் கேட்டதால் ஒரு ரோஸ்மேரிச் செடி வாங்கி வந்தோம். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, காலை மாலை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் அடியிலிருந்து இலைகள் பழுப்பாகிக் கொட்டுகின்றன. மலைச்செடி என்பதால் எங்கள் ஊர் வெயில் ஆகவில்லையா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வெயில் மேல் பழி போடாதீர்கள். அந்த இரண்டு வேளைத் தண்ணீர்தான் வினை. என் முதல் மூன்று செடிகளையும் நானும் இப்படித்தான் கொன்றேன். மூன்றாவதைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே மண் காய்ந்து கிடக்கிறது. அடியில் தேங்காய் நார்க்கழிவைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. வேர் கறுத்து, லேசாக இழுத்ததும் தோல் உரிந்து கையோடு வந்துவிட்டது.

நீலகிரியில் பயிரானாலும் இதன் பூர்வீகம் மத்தியதரைக்கடல் ஓரம். கல்லும் சுண்ணாம்புமான சரிவு, கோடையில் மழையே எட்டிப் பார்க்காது. ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள்: ஓரம் சுருண்டு, அடியில் வெள்ளையாகப் பூனைமுடி இருக்கும். ஈரத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. துளசியும் இதுவும் ஒரே குடும்பம்; தண்ணீர் விஷயத்தில் மட்டும் பங்காளிச் சண்டை.

தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. செடியைக் கவிழ்த்து நார்க்கழிவை உதறி, கறுத்த வேரை வெட்டிவிட்டு மண்தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி, மட்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். மணல் கிடைக்கவில்லையா, எம்-சாண்டை மாவு போக அலசிப் போடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, அப்புறம் வெயிலுக்குக் கொண்டு போங்கள். தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். சித்திரை, வைகாசி உச்சிவெயிலுக்கு மட்டும் கொஞ்சம் மறைப்பு.

இரண்டு அங்குலம் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். நான் தொட்டியைத் தூக்கியே பார்த்துவிடுவேன். லேசாக இருந்தால்தான் தண்ணீர். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள்.

இத்தனை செய்தும் பிழைக்காமல் போகலாம். அதனால் இன்றைக்கே பச்சையான நுனிகளில் 4 அங்குலம் நறுக்கி, கீழ்ப்பாதி இலையை உருவி, ஈர மணலில் ஐந்தாறு குச்சிகள் நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டாவது ஒன்றரை மாதத்தில் வேர் விடும். விதை வாங்க வேண்டாம், முளைப்பதற்குள் பொறுமை போய்விடும். இலை பறிக்கும்போதும் பச்சை நுனியோடு நிறுத்துங்கள். இலையில்லாத கட்டைத் தண்டுவரை வெட்டினால் அங்கே திரும்பத் துளிர்ப்பது அபூர்வம்.

புதுச்செடி ஒரு முழம் உயரும்வரை மகள் கண்ணில் படாமல் கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள்.