நீச்சலில் மூச்சு முட்டல், முடிவில் வாந்தி: கோவா ட்ரையத்லானுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் பம்புசெட் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். மூன்று வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை தினமும் ஒன்று சாப்பிடுகிறேன். மூன்று அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் பந்தயம்) பதிவு செய்துவிட்டேன், இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஒத்திகையாகச் சென்ற மாதம் அதைவிடத் தூரம் குறைந்த ஒலிம்பிக் தூர ட்ரையத்லான் ஒன்றில் கலந்துகொண்டேன். நீர்ச்சத்து குறையக் கூடாது என்று விடிகாலையிலேயே மூன்று லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் கடலில் இறங்கினேன். பாதி தூரத்தில் நெஞ்சை இறுக்கி மூச்சு முட்டியது. காவலுக்கு நின்ற கயாக் படகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எப்படியோ கரை சேர்ந்தேன். இருமியபோது இளஞ்சிவப்பாக நுரை வந்தது. கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்றார்கள். அப்புறம் சைக்கிளிலும் ஓட்டத்திலும் ஒரு தண்ணீர் மேஜையையும் விடாமல் குடித்தேன். முடித்ததும் கடுமையான தலைவலி, இரண்டு முறை வாந்தி. கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்கிவிட்டது. "தண்ணி பத்தல, அடுத்த தடவை இன்னும் குடி, உப்பு மாத்திரையும் போடு" என்கிறார்கள் நண்பர்கள். நான் கோவா போகலாமா? முட்டி வலிக்கு அன்று காலையில் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். இதயப் பரிசோதனை முடியும்வரை கடலில் இறங்காதீர்கள். நீச்சல் குளத்திலும் வேக நீச்சல் வேண்டாம். நண்பர்கள் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதற்கு நேர் எதிரானதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தண்ணீர் பற்றாமல் போகவில்லை, அளவுக்கு மீறிவிட்டது. நுரை வந்ததற்கும் மோதிரம் இறுகியதற்கும் அந்தத் தண்ணீரில் பெரிய பங்கு இருக்கிறது.

நீச்சலில் இருந்து தொடங்குகிறேன். மனிதன் நீரில் மூழ்கியதும் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கால்களில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வழக்கத்தைவிட அதிக ரத்தம் வந்து சேர்கிறது. ஏற்கெனவே பிரஷர் இருப்பவரின் இதயத் தசை கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம், வந்து சேரும் ரத்தத்தை அது எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதோடு பந்தயப் பதற்றமும் முதல் ஐந்நூறு மீட்டரின் வேகமும் சேர்கின்றன. உங்கள் விஷயத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் வேறு. நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து காற்றுப் பைகளுக்குள் இறங்குகிறது. மூச்சு முட்டுவதும், இருமலும், இளஞ்சிவப்பு நுரையும் அதன் அடையாளங்கள். நீச்சலால் வரும் நுரையீரல் நீர்க்கோர்ப்பு என்று இதைச் சொல்கிறோம். குளிர்ந்த நீரில் அதிகம் வரும், ஆனால் குளிர்தான் வேண்டும் என்றில்லை. குளிர் என்று சொல்ல முடியாத நீரில் நீந்திய இஸ்ரேலிய ராணுவப் பயிற்சி இளைஞர்கள் எட்டுப் பேருக்கு இது வந்ததை 1995-ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆரோக்கியமான பையன்கள். நீந்துவதற்கு முன் ஆளுக்கு ஐந்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்திருந்தார்கள்.

கடல் தண்ணீர் குடித்தவருக்கும் இருமல் வரும்தான். ஆனால் செந்நிற நுரை வருவது வேறு விஷயம், அதை அப்படியே விட முடியாது. தண்ணீரை விட்டு வெளியே வந்து ஓய்வெடுத்தால் இது பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதனால்தான் நிறையப் பேர் டாக்டரிடம் போவதே இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். மூச்சு முட்டும்போது நிறுத்தாமல் நீந்திக்கொண்டே போவதுதான் உயிருக்கு ஆபத்து. கயாக்கைப் பிடித்தீர்களே, அன்று நீங்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் தொகுத்து ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு நீச்சலின்போதுதான் அது நடந்தது. 85 சதவீதம் பேர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது. பயப்பட வேண்டாம், பங்கேற்றவர்களில் லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவுதான். ஆனால் உங்கள் வயதில், பிரஷரோடு, ஏற்கெனவே நீரில் நெஞ்சு இறுகிய ஒருவருக்கு இந்தக் கணக்கை ஆறுதலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாரமே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், முக்கியமாக நுரையின் நிறத்தை விட்டுவிடாதீர்கள். இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட் மூன்றும் தேவைப்படும். எக்கோவில் இடது கீழறைத் தசை தடித்திருக்கிறதா, வால்வுகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். தேவையென்றால் இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவும் சொல்வார்கள். ட்ரெட்மில்லில் ஓடும்போது பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது 130 காட்டும் சிலருக்கு உழைக்கும்போது மளமளவென்று ஏறும்.

இனி மோதிரத்துக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாரத்தான் மருத்துவக் கூடாரத்தில் நான் பணியில் இருந்தேன். ஐந்தரை மணி நேரம் ஓடி முடித்த ஒரு பெண்ணை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வாந்தி, தலைவலி, கேள்வி கேட்டால் சற்றுத் தாமதித்துப் பதில். வெயிலில் ஓடியிருக்கிறார், வாந்தி எடுக்கிறார், நீர்ச்சத்துக் குறைவுதான் என்று முடிவு செய்து சாதாரண சலைன் டிரிப்ஸ் போட்டேன். அவருடைய வாட்ச் பட்டை மணிக்கட்டில் ஆழமாகப் பதிந்திருந்தது. காலுறையின் விளிம்பு கணுக்காலுக்கு மேல் ஒரு பள்ளமே போட்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன், ஆனால் அவை என்ன சொல்கின்றன என்று யோசிக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சோடியம் என்ற உப்புச்சத்து 121-க்கு இறங்கியிருந்தது. அவர் பிழைத்து, நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பட்டைத் தடம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மோதிரத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் உடல் உழைக்கும்போது மூளை ஒரு ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரகத்திடம் "தண்ணீரை வெளியே விடாதே" என்கிறது. அந்த நேரத்தில் தாகத்துக்கு மேல் குடிக்கும் தண்ணீர் சிறுநீராகப் போகாது, உடம்பிலேயே தங்கும். ரத்தம் நீர்த்துப்போய் சோடியம் இறங்கும். விரல் வீங்கும், எடை கூடும். மூளையும் வீங்க ஆரம்பித்தால் தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. அதே பந்தயத்தில் ஓடிய 28 வயது சிந்தியா லுசெரோ இந்தக் காரணத்தால்தான் இறந்தார். ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். வெயிலில் விரல் மட்டும் லேசாக உப்புவது பலருக்கும் சாதாரணமாக வருவது. தலைவலியும் வாந்தியும் அதோடு சேர்ந்தால்தான் கவலை. உங்களுக்கு எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. அன்று ரத்தம் எடுத்துப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

உங்கள் மாத்திரையும் இதில் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் பிரிய வைக்கும் மருந்து. ஆனால் அது உப்பையும் சேர்த்து வெளியேற்றும், அதிகப்படியான தண்ணீரை மட்டும் பிரித்து அனுப்பும் திறனைச் சிறுநீரகத்திடமிருந்து பறிக்கும். பந்தயமே ஓடாத முதியவர்களுக்குக்கூட இந்த மருந்தால் சோடியம் இறங்கி, தடுமாறிய நிலையில் கொண்டுவருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஐந்தாறு மணி நேரம் வியர்வை கொட்டும் விளையாட்டுக்கு இது பொருத்தமில்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும். இதற்குப் பதிலாக வேறு வகை மருந்து கொடுக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றினால், புது மருந்தில் சில வாரமாவது பயிற்சி செய்து பார்த்த பிறகுதான் பந்தயம். கூடவே சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை, அதோடு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை என்று மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியே இறுகிப்போகும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில், தசைகள் சிதைந்து அவற்றின் கழிவு ரத்தத்தில் கலக்கும் நாளில் அதைச் செய்வது சிறுநீரகத்தை வலிந்து கெடுப்பது மாதிரி. சோடியம் இறங்குவதையும் இந்த மாத்திரைகள் மோசமாக்கலாம். முட்டிக்கு ஃபிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், சைக்கிளின் சீட் உயரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

உப்பு மாத்திரை இதற்குத் தீர்வு ஆகாது. கணக்கைப் பாருங்கள்: ரத்தத்தில் சோடியம் 140 என்றால், ஓஆர்எஸ் கரைசலில் 75, கடைகளில் விற்கும் விளையாட்டு பானங்களில் பெரும்பாலும் 20-ஐ ஒட்டி. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஆக எதை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தம் நீர்க்கத்தான் செய்யும். இரண்டு மாத்திரை உப்பால் மூன்று லிட்டர் தண்ணீரைச் சமாளிக்க முடியாது, பிரஷர் உள்ளவருக்கு அந்த உப்பும் நல்லதில்லை. தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் அடங்கியதும் நிறுத்துங்கள். உங்கள் வியர்வை எவ்வளவு என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் சைக்கிள் ஓட்டுங்கள். போவதற்கு முன்னும் வந்து துடைத்த பின்னும் உள்ளாடையோடு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர், நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த அளவைத் தாண்டி ஒருபோதும் குடிக்கக் கூடாது. முடிக்கும்போது ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால்தான் தப்பு.

சரி, கோவா. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். உங்கள் வேகத்தில் ஏழு மணி நேரமாவது ஆகும், அதுவும் கடலோரப் புழுக்கத்தில். பத்து வாரத்தில் பரிசோதனை, மருந்து மாற்றம், கடல் பயிற்சி மூன்றும் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வருடம் முழுப் பந்தயம் வேண்டாம் என்பதே என் கருத்து. பதிவுக் கட்டணமும், அதிகாலை நாலரைக்கு எழுந்து பழகிய இத்தனை மாதமும் வீணாகிறதே என்று இருக்கும், புரிகிறது. அங்கே குழுவாகக் கலந்துகொள்ளும் ரிலே பிரிவும் உண்டு. உங்கள் பதிவை அதற்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். எக்கோவும் ட்ரெட்மில்லும் சுத்தமாக வந்து, இதய மருத்துவரும் சம்மதித்தால், நண்பர் ஒருவர் நீந்தட்டும், நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் முழுதாக இறங்குவதானால், முதலில் துணையோடு, நிலம் எட்டும் ஆழத்தில், கரைக்கு இணையாக 200 மீட்டர் நீந்திப் பழகுங்கள். இறங்கும் முன் ஐந்து நிமிடம் தண்ணீரில் நின்று உடம்பைச் சூடாக்குங்கள். காலையில் ஒரு டம்ளர் தண்ணீரும் வழக்கமான காபியும் போதும். மூச்சு முட்டினாலோ இருமல் வந்தாலோ அந்த நாள் முடிந்தது, மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள்.

உங்களோடு வருபவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். முடித்தபின் நீங்கள் வாந்தி எடுத்தாலோ தடுமாறினாலோ, டிரிப்ஸ் போடும் முன் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெப்பத் தாக்கு என்றால் உடனே பனிக்கட்டி நீரில் குளிர்விக்க வேண்டும். சோடியம் இறங்கியிருந்து தடுமாற்றமும் இருந்தால் 3 சதவீத அடர் சலைன் 100 மில்லி தேவைப்படும், சாதாரண சலைன் அல்ல. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வாட்ச் பட்டையைத் தொடக்கத்தில் எந்தத் துளையில் மாட்டினீர்கள் என்று அவரும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.