சென்னையில் நீங்கள் வளர்ந்த பகுதி முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது?

நான் வளர்ந்தது தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில். வெளியூர்க்காரர்களுக்கு தி.நகர் என்றால் துணிக்கடையும் நகைக்கடையும்தான். எங்களுக்கு அது வீடு. இந்த இரண்டுக்கும் முன்னால் அது ஏரி.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்த ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், குடியிருக்க இடம் வேண்டும் என்று தண்ணீரை வடித்து மனை போட்டார்கள். அதனால் தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் பாதி நீதிக்கட்சியைப் பார்த்துவிடலாம். ஊர்ப் பெயரே பிட்டி தியாகராயர். பூங்காக்களில் பனகல் அரசரும் நடேச முதலியாரும், சாலைகளில் டி.எம். நாயரும் உஸ்மானும். பாண்டி பஜாருக்கும் சவுந்தரபாண்டியனார் அங்காடி என்றுதான் பெயர்; அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரருக்கே புரியாது.

பூங்காவை நடுவில் வைத்து, சுற்றிலும் சாலைகளைப் பிரித்து, மரம் நட்டுப் போட்ட குடியிருப்பு இது. கடைகளுக்காகப் போட்டதல்ல. ஆனால் 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. மாம்பலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேரே ரங்கநாதன் தெரு. நகரத்தில் எங்கிருந்தும் சில்லறைக் காசில் வந்துபோக முடிகிற இடத்தில் கடை பெருகாமல் என்ன செய்யும்?

நாங்கள் இருந்தது வாடகை போர்ஷன். ஒரே வளாகத்தில் நான்கு குடும்பம், நடுவில் கிணறு, பின்னால் முருங்கை மரம். முதலில் முன்பக்கத்து போர்ஷன் ஒரு துணிக்கடையின் குடோன் ஆனது. அப்புறம் மாடி. தீபாவளி சீசனில் இரவு பன்னிரண்டு மணிக்கும் மூட்டை இறக்குவார்கள். அம்மாவுக்குத் தூக்கமே இருக்காது. ஓனர் மாமியின் பிள்ளைகள் இடித்துக் கட்ட பில்டரிடம் ஜாயிண்ட் வெஞ்சருக்குக் கொடுத்தபோது நாங்களும் கிளம்பி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்துக்கு வந்துவிட்டோம். அந்தக் கிணற்றை மூடிய அன்று நான் போய் நின்று பார்த்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டது எனக்கு மிகவும் பிடிக்கும். அப்பாவை மாலையில் கைபிடித்து அழைத்துப்போக முடிகிறது. 2023-ல் வந்த ஆகாய நடைபாதை, ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நெரிசலில் சிக்காமல் போகவைக்கிறது. பனகல் பூங்காவில் மெட்ரோ வேலை முடிந்தால் இன்னும் கூட்டம் வரும். வரட்டும்.

தண்ணீருக்குப் போக வழி விடவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. ஏரி போனாலும் பெயர் போகவில்லை: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு. இடமும் பள்ளம்தான். வீடுகளாவது மண் தரையும் தோட்டமும் விட்டுக் கட்டினார்கள். கடைகள் மனை முழுக்க கான்கிரீட் போட்டுவிட்டன. 2021 நவம்பரில் ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தி.நகரில் பல தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. பழைய தெருவில் இன்னும் இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பாலும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "எங்க மாமனார் இங்க வீடு கட்டறப்பவே சொன்னாராம்டா, இது ஏரி, ஒரு நாள் கேக்கும்னு" என்றார்.