நியோபெட்ஸ் குவெஸ்ட் லாபமா நட்டமா என்று சிமுலேஷன் போட்டுப் பார்ப்பது வெட்டி வேலையா?

தினமும் நியோபெட்ஸில் (இணையத்தில் கற்பனைச் செல்லப்பிராணி, அதாவது பெட், வளர்க்கும் விளையாட்டு) கிச்சன் குவெஸ்ட் பத்தையும் செய்கிறேன், பாயின்ட் (அங்கே அதுதான் காசு) ஏறுகிறதா இறங்குகிறதா என்றே புரியவில்லை, சிமுலேஷன் (எழுதி வைத்த விவரத்தைக் குலுக்கிப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது) எழுதினால் தெரியுமா, இல்லை இது வெட்டி வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பாதிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் ஹாஸ்டலில் இருக்கிறீர்கள், பக்கத்துக் கட்டில்காரன் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறான், சரிதானே? எனக்கு அந்த வேலையை அம்மா செய்தாள். "இன்னாடி இது, இல்லாத நாய்க்குச் சோறு வாங்கிக் கணக்கு எழுதிக்கினு கீறே?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணக்குப் படித்தவள் இல்லை, பி.காம். படித்தவள். புள்ளியியல் படித்தவர்கள் கீழே வந்து திருத்தலாம், திட்ட மட்டும் வேண்டாம்.

இந்த விளையாட்டு 1999-இல் இங்கிலாந்தில் இரண்டு பேர் ஆரம்பித்தது. 2005-இல் வயாகாம் 16 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு அடுத்த வருடம் காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் கணக்குத் திறந்தேன். அப்போதெல்லாம் ஃபிளாஷ் விளையாட்டு ஆடியே பாயின்ட் சேர்த்துவிடலாம். அப்புறம் படிப்பு, வேலை, மறந்தே போனேன். 2020 ஊரடங்கில் திரும்பப் போய்ப் பார்த்தால் பெட் பட்டினியாகக் கிடந்தது, ஆனால் உயிரோடு இருந்தது (அங்கே பட்டினியால் சாகாது, அதுவரைக்கும் நல்லது). அந்த வருடக் கடைசியோடு ஃபிளாஷும் நின்றது. பழைய வருமானம் போச்சு. அதனால்தான் குவெஸ்ட் பக்கம் திரும்பினேன்.

கிச்சன் குவெஸ்டில் சமையல்காரர் பொருள் கேட்பார், நாம் ஷாப் விசார்டில் (எந்தக் கடையில் என்ன விலை என்று காட்டும் தேடல்) தேடி மற்றவர்கள் கடையில் வாங்கிக் கொடுப்போம், அவர் பாயின்டோ உணவுப் பொருளோ தருவார், சில சமயம் பெட்டின் பலத்தை ஏற்றிவிடுவார். ஒரு நாளைக்குப் பத்து. இதை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன், செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். பலம் ஏறினால் வரவில் பூஜ்யம்தான் போட்டேன். பெட்டைச் சண்டைக்கு விடும் சண்டைக்களத்தில் இருப்பவர்கள் கோபப்படுவார்கள், படட்டும், அதை விற்றுக் காசாக்க முடியாதே. எல்லாம் கையால் எழுதியது. தானாகத் தேடும் புரோகிராம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், கணக்கை முடக்கிவிடுவார்கள்.

312 குவெஸ்ட் சேர்ந்தபோது கூட்டிப் பார்த்தேன். நிகர லாபம் 46,800. குவெஸ்டுக்கு 150, நாளைக்கு 1,500. அம்மாவிடம் காட்டி ஆடினேன்.

அதற்குப் பிறகுதான் எக்செலில் போட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ராண்ட்பிட்வீன் (குலுக்கி ஒரு எண் தரும் ஃபார்முலா) வைத்து 1 முதல் 312-க்குள் ஒரு எண், அந்த வரிசையின் லாபத்தை எடுத்துக்கொள், இப்படி 300 தடவை எடுத்தால் ஒரு மாதம். எஃப்9 தட்டினால் எல்லாம் புதிதாகக் குலுங்கி இன்னொரு மாதம். தட்டத் தட்ட ஒரு மாதம் ஐம்பதாயிரம் லாபம், அடுத்த மாதம் எழுபதாயிரம் நட்டம் என்று குதிக்கிறது. ஏதோ ஃபார்முலா தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு இல்லை. டேட்டா டேபிள் (அதே கணக்கைப் பல தடவை ஓட்டித் தரும் எக்செல் வசதி) போட்டு 1,000 மாதம் ஓட்டினால் 400-ஐ ஒட்டி நட்டம். மாதத்துக்குப் பதில் வாரம் என்று மாற்றினால் ஐந்தில் நான்கு வாரம் நட்டம்!

காரணம் ஒரே ஒரு வரி. ஒரு நாள் அவர் கொடுத்த ஓர் அரிய உணவை 1,20,000-க்கு விற்றிருந்தேன். அந்த ஒரு வரியை அழித்துவிட்டுப் பார்த்தால் மீதி 311-இலும் குவெஸ்டுக்கு 235 கைவிட்டுப் போகிறது. நான் ஆடிய ஆட்டம் முழுக்க அந்த ஒரு சாப்பாட்டுக்காக.

இன்னொரு சங்கடம், சிமுலேஷன் அந்தப் பரிசு 312-க்கு ஒன்று வரும் என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒரு தடவை வந்தது, அவ்வளவுதான். நூற்றுக்கு ஒன்றாகவும் இருக்கலாம், மூவாயிரத்துக்கு ஒன்றாகவும் இருக்கலாம். 1,20,000-ஐ 235-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 510. அதைவிட அரிதாக வந்தால் நட்டம். எத்தனை தடவை எஃப்9 தட்டினாலும் நோட்டில் இல்லாத விவரம் திரையில் வராது.

விலையையும் கவனியுங்கள். நேதாஜி மார்க்கெட்டில் முதல் கடையில் கேட்ட விலைக்கே கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வருகிறவரை வீட்டில் என்ன சொல்வார்கள்? ஷாப் விசார்ட் ஒரு தேடலில் எல்லாக் கடையையும் காட்டாது, கடைக்காரரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதை வைத்து ஒரு பகுதியை மட்டும்தான் காட்டும். நாலைந்து தடவை திரும்பத் தேடினால் விலை இறங்கும். விற்கும்போது இதே விஷயம் தலைகீழ், குறைந்த விலை என்று அங்கே தெரிவது உங்களுக்குக் கிடைக்கும் விலை இல்லை, அதற்கும் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம் இல்லூசன், ஜுடோரா என்ற தேவதைகள் தரும் குவெஸ்டுகளை இதே தாளில் கலக்காதீர்கள். அங்கே ஒரு படி தவறினால் மறுபடி முதல் படி, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சீட்டுக் குலுக்குகிற மாதிரி எடுத்தால் பொய்க் கணக்கு வரும்.

பாயின்ட் நிறைய வைத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். அங்கே வங்கியில் ஒரு கோடி போட்டால் வருடத்துக்கு 12.5 சதவீத வட்டி, நாளைக்கு 3,400-க்கு மேல். ஒரு கிளிக். என் பத்து குவெஸ்டுக்கு முக்கால் மணி நேரம்.

வெட்டி வேலையா என்று கேட்டீர்கள் இல்லையா. நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் காஸ்டிங்கில், அதாவது அடக்கவிலை போடும் பிரிவில், இருந்தேன். ஒரு ஜோடி அப்பருக்கு (ஷூவின் மேல்பாகம்) தோல் எத்தனை சதுர அடி என்று கன்சம்ப்ஷன் போட்டு, கட்டிங்கில் போகிற வேஸ்டுக்குச் சராசரியாக ஒரு அலவன்ஸ் சேர்ப்போம். தோல் ஒன்று போல ஒன்று இருக்காது, ஒன்றில் வயிற்றுப் பக்கம் தொளதொள, இன்னொன்றில் உண்ணி கடித்த தழும்பு. சின்ன ஆர்டரில் சராசரி காலை வாரும். நியோபெட்ஸ் தாளை அப்படியே எடுத்து, குவெஸ்ட் இருந்த இடத்தில் கட்டிங் டிக்கெட் (தோல் வெட்டும் வேலைச் சீட்டு) விவரத்தைப் போட்டேன், 500 ஜோடி ஆர்டரில் எத்தனை தடவை தோல் பற்றாமல் போகும் என்று வந்தது. மேனேஜரிடம் காட்டினேன். "சும்மா இருக்கும்போது இதெல்லாம் பண்றியாம்மா" என்றார். மூன்று வாரம் கழித்து வெளிநாட்டு பையர் வந்த மீட்டிங்கில் அதே தாள், அதே நிறம், மேலே அவர் பெயர். என்னை டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார். ஒரு செல்லில் நான் மாற்ற மறந்த "சமையல்காரர்" என்ற தலைப்பு அப்படியே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த வருடம் இன்கிரிமென்ட் அவருக்கு வந்தது. கம்பெனி பஸ்ஸில் வாலாஜா தாண்டும் வரைக்கும் அழுதேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் சொல்வார், தெரியும்.

உங்கள் தாளில் செலவு, வரவு, தேதியோடு எத்தனை நிமிடம் என்று ஒரு நெடுவரிசையும் சேருங்கள். நான் சேர்க்காமல் விட்டேன், பின்னால் ஞாபகத்தில் இருந்து போட முடியவில்லை. 300 வரி வரும்வரை எஃப்9 பக்கம் போகாதீர்கள்.

என் நோட்டில் இப்போது 742 வரி. அந்தச் சாப்பாடு இரண்டாவது தடவை இன்னும் வரவில்லை. இன்றைக்கு ஏழு முடிந்தது, மூன்று பாக்கி.