கணினி கேள்வி பதில்: ரப்லெட் மடிக்கணினியில் வடிவமைப்பு

கேள்வி: திருமண அழைப்பிதழ், பதாகை வடிவமைக்கிறேன். விசைப்பலகை கழற்றக்கூடிய ரப்லெட் மடிக்கணினி வாங்கலாமா? 8 ஜிபி ரேம் போதுமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: வாங்கலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலும் ரேம் தாய்ப்பலகையோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. போட்டோஷொப்பை நம்பி வேலை செய்பவர் 16 ஜிபி எடுப்பதே நல்லது. ஏ5 அழைப்பிதழுக்கு 8 ஜிபி தாங்கும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 1748 × 2480 பிக்சல்தான். கணினி திணறுவது பதாகையில். 6 × 4 அடிப் பதாகையையும் பலர் 300 டிபிஐயில் திறக்கிறார்கள். தள்ளி நின்று பார்க்கும் பொருளுக்கு 100 டிபிஐ தாராளம்: 7200 × 4800 பிக்சல். 300 என்றால் அதைப்போல் ஒன்பது மடங்கு.

பேனை பெட்டியோடு வருகிறதா என்று கேளுங்கள். ஐபாட் பேனை விண்டோஸ் திரையில் எழுதாது. விண்டோஸ் கருவிகளிலும் எல்லாப் பேனையும் எல்லாத் திரைக்கும் பொருந்தாது. கடையிலேயே அடிமட்டம் வைத்து, குறுக்காக, மிக மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அலையலையாக வந்தால் வேறொன்றைப் பாருங்கள்.

கேள்வி: பேனையை வைத்ததும் ஒரு வட்டம் தோன்றி, கோடு பிந்தி வருகிறது. மெதுவாக வரைந்தால் கோடு நடுங்குகிறது. போட்டோஷொப்பில் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிப்பு. (வாசகர், மானிப்பாய்)

பதில்: மூன்றும் வேறு வேறு கோளாறுகள்.

வட்டம், விண்டோஸ் உங்கள் பேனையை வலப்பக்கக் கிளிக் என்று எடுத்துக்கொள்வதால் வருவது. கன்ரோல் பனலில் ‘பென் அண்ட் டச்’ திறந்து, ‘பிரஸ் அண்ட் ஹோல்ட்’ என்பதன் செற்றிங்ஸில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் திரை. உள்ளே இருக்கும் உணரிக் கம்பிகளுக்கு நடுவில் பேனை நிற்கும் இடத்தைக் கணினி ஊகித்துத்தான் அறிகிறது. மெதுவான குறுக்குக் கோட்டில் அந்த ஊகப்பிழை அலையாகத் தெரியும். கையைச் சற்று வேகமாக ஓட்டுங்கள். இலவச மென்பொருளான கிரிட்டாவில் தூரிகைக்குரிய ‘ஸ்டெபிலைசர்’ இதை நன்றாக அடக்கும். தரமற்ற சாச்சரும் தொடுதிரையைக் குழப்பும், கழற்றிவிட்டு வரைந்து பாருங்கள்.

அழுத்தத்துக்கு, போட்டோஷொப் பிரஷ் செற்றிங்ஸில் ‘ஷேப் டைனமிக்ஸ்’ சென்று, கன்ரோலை ‘பென் பிரஷர்’ ஆக்குங்கள். அதிலும் ஒரு முக்கோண எச்சரிக்கை தெரிந்தால் பேனையின் அழுத்தம் மென்பொருளுக்கு எட்டவில்லை என்று பொருள். பேனையின் டிரைவரில் (பேனையை இயக்கும் மென்பொருள்) ‘விண்டோஸ் இங்க்’ என்ற தெரிவு அணைந்திருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டிய அழைப்பிதழ் அச்சகத்தில் ஆங்கில எழுத்தாக மாறிவிட்டது. மறுமுறை வந்ததில் கறுப்பு எழுத்துகளின் ஓரம் கலங்கிக் கிடக்கிறது. (வாசகி, கொக்குவில்)

பதில்: பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே, எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். இலஸ்ரேட்டரில் எழுத்தைத் தெரிவுசெய்து கன்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வெறும் வடிவமாகிவிடும். பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத ஒரு பிரதியை முதலிலேயே சேமித்துவிடுங்கள். எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யுனிகோட்டில் தட்டினால் போட்டோஷொப்பில் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ தெரிவாகியிருக்க வேண்டும். இல்லையேல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

ஓரம் கலங்கியது, ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பைச் சிஎம்வைகேக்கு (நான்கு மை அச்சு நிறமுறை) மாற்றியதால். அப்போது நான்கு மையும் கலந்த கறுப்பு உருவாகிறது. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்தில் ஞகர, ணகரச் சுழிகள் அடைபடும். மெய்யெழுத்துப் புள்ளி நிழல் தட்டும். எழுத்துக்குக் கறுப்பு மை 100, மற்ற மூன்றும் 0 என்று கொடுங்கள். வெட்டுக்காக நாற்புறமும் 3 மில்லிமீற்றர் கூட்டி, ஏ5 தாளை 154 × 216 மில்லிமீற்றரில் அமைத்து அனுப்புங்கள்.