மகன் காட்டுச் சுற்றுலா படிக்க வேண்டும் என்கிறான், அனுப்பலாமா?

கம்பத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த மகன் காட்டுச் சுற்றுலாதான் என் வேலை என்று நிற்கிறான், எனக்குக் குரங்கணிதான் கண்முன் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தேனி மாவட்டத்து அப்பாவுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலைக்காட்டில் பிடித்த தீயில், மலையேறப் போனவர்களில் 23 பேரைப் பறிகொடுத்தோம். அந்தக் குரங்கணியை வைத்தே இது என்ன வேலை என்று சொல்கிறேன்.

புல் காய்ந்து கிடக்கும் மார்ச் மாதத்தில், இந்தச் சரிவில் இன்று யாரும் ஏறக் கூடாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். உள்ளே போனது எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் மகன் கேட்பது அந்த வேலையைத்தான். விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசு மலையேற்றத் திட்டம் வந்தது. குரங்கணி–சாம்பலாறும் அதில் ஒன்று. முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி, காட்டுத்தீக் காலத்தில் பாதை அடைப்பு என்று இன்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதைத் திட்டமிட்டு நடத்தப் படித்த ஆட்கள் வேண்டும்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் குமுளி பஸ்ஸில் ஏற்றித் தேக்கடிக்கு அனுப்புங்கள். யானையைத் தேட வேண்டாம், ஆட்களைப் பார்க்கட்டும். நான் போயிருந்த அன்று, நடைப் பயணம் கிளம்பும் இடத்தில் வழிகாட்டி ஒருவர் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க முழங்கால்வரை துணி உறை கொடுத்து, பேன்ட்டை உள்ளே செருகிக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எதுக்குங்க?" என்றார் ஒருவர். இன்னொருவர் கையில் சிப்ஸ் பாக்கெட். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. பாக்கெட்டை வாங்கி ஓரமாக வைத்தார், குனிந்து, கேள்வி கேட்டவரின் உறைக் கயிற்றைத் தாமே கட்டிவிட்டார். தேக்கடியில் உள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தின் வழிகாட்டிகளில் சிலர் ஒருகாலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்கள் என்பது உங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அவர்களைக் காவலுக்கும் வழிகாட்டவும் கொண்டுவந்தது, இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் காரியம்.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். ஒரு படகில் எத்தனை பேர் என்பது இங்கே உயிர்க் கணக்கு.

திரும்பி வந்ததும், யானை பார்த்தியா என்று கேட்காதீர்கள். கூட்டம் எப்படி இருந்துச்சு என்று கேளுங்கள். மனுஷங்க தொல்லை தாங்கலப்பா என்றால் அவனுக்குக் காட்டுயிர் ஆராய்ச்சிதான் பொருந்தும், அதுவும் நல்ல வழி. அந்தக் கூட்டத்தை எப்படிப் பிரித்து அனுப்பியிருக்கலாம் என்று அவனாகப் பேசினால் தயங்காதீர்கள்.

படிப்பில் ஒரு தவறு மட்டும் வேண்டாம். 'சுற்றுலா' என்ற பெயரைப் பார்த்து இளநிலையிலேயே பி.பி.ஏ. சேர்த்துவிடாதீர்கள். இந்திய வனப் பணித் தேர்வு எழுத, விலங்கியல், தாவரவியல், வேதியியல் போன்ற குறிப்பிட்ட அறிவியல் பாடங்களில் ஒன்றாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வனவியல், வேளாண்மை அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். பி.பி.ஏ.வோடு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். சுற்றுலா மேலாண்மையைப் பிறகு முதுநிலையில் படிக்கலாம், எந்தப் பட்டத்துக்குப் பின்னும் முடியும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் கிடைத்தால் முதல் தேர்வு அதுதான். கிடைக்காவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் போதும். அடுத்து மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல், டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனம், மேலாண்மைப் பக்கம் என்றால் போபால் வன மேலாண்மை நிறுவனம்.

கணக்கையும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. இப்படி ஒரு எண்ணுக்கு வர தண்ணீர், சாலை, குப்பை, விலங்கு கடக்கும் வழி எல்லாவற்றையும் அளக்கத் தெரிய வேண்டும்.

சம்பளம் கேட்டிருந்தீர்கள். தனியார் தங்குவிடுதிகளில் இயற்கை வழிகாட்டியாகச் சேர்ந்தால் முதல் சில வருஷம் சிறிய தொகைதான், தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். விடுமுறை நாள் எல்லாம் வேலை நாள். தீபாவளிக்கு அவன் வீட்டில் இருப்பது கஷ்டம். அவன் அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்துக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுங்கள். தேக்கடி போய் வந்ததும் தம்பியையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.