மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு எவ்வளவு பொங்கல் கொடுக்கலாம்?

போன வருடம் மாட்டுப் பொங்கலன்று உங்கள் பசு வயிறு உப்பிப் படுத்துவிட்டது, இந்த முறை பொங்கலே ஊட்ட வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊட்டுங்கள், ஆனால் ஒரு கைப்பிடி போதும். சோறும் வெல்லமும் அதிகமானால் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் கூடிவிடும், மாடு அசைபோடுவதையே நிறுத்திவிடும். வருகிறவர்கள் எல்லாம் ஆசையாக ஆளுக்கொரு உருண்டை ஊட்டுவார்கள் பாருங்கள், அதுதான் பெரிய ஆபத்து. சொந்தக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள். முதலில் வைக்கோலோ புல்லோ வயிறாரப் போடுங்கள், பூஜை அப்புறம். கொம்புக்கு எனாமல் பெயிண்ட் வேண்டாம், காவியும் மஞ்சளும் பூசினாலே அழகுதான். மறுபடி இடப்பக்க வயிறு உப்பினால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம்.